மூன்று மாதம் என்று எழுதினேன்

ஆங்கில ஆசிரியையாக வேலை பார்த்த காலம் முழுக்க, ஒவ்வொரு புது வகுப்புக்கும் அந்தப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். சிமிலி, மெட்டஃபர், ஐரனி, லைட்டோடீஸ், ஹைபர்போலி. ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு விளக்கம், ஓர் உதாரணம். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்வார்கள், பரீட்சைக்கு முதல் நாள் உருப்போடுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். அதில் எனக்கு வருத்தமே கிடையாது. ஹைபர்போலி வரும்போது மட்டும், அதாவது மிகைப்படுத்திச் சொல்வது வரும்போது, பாடப்புத்தகத்தில் இருந்த உதாரணத்தை அவசரமாகச் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவிவிடுவேன். குதிரையையே தின்றுவிடும் அளவுக்குப் பசி என்பது அந்த உதாரணம். ‘இதை அப்படியே பொருள் கொள்ளக் கூடாது’ என்று விளக்கத்தில் ஒரு வரி வரும். அந்த இடத்தில் ஓர் இருமலைப் போட்டுச் சமாளிப்பேன்.

என்னிடம் சொந்தமாகவே ஓர் உதாரணம் இருந்தது. இத்தனை வருடம் அதை யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது என்பதுதான் உண்மை.

நான் பிறந்தது லிங்கிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அம்மா பால்மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவள். அப்பா நான் சிறுமியாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். அவளுக்கு நான், எனக்கு அவள், அவ்வளவுதான் குடும்பம். அம்மாவின் பிடிவாதத்தாலும் ஒரு மிஷன் பள்ளியின் தயவாலும் எனக்குச் சிரம்பானில் ஆங்கிலப் படிப்பு கிடைத்தது. வார நாட்களில் அங்கேயே லோபாக் பகுதியில் தூரத்துச் சித்தி வீட்டில் தங்குவேன். சனிக்கிழமை பஸ் பிடித்துத் தோட்டத்துக்கு வந்துவிடுவேன். நான் சொல்லும் இந்தச் சம்பவத்தின்போது எனக்குப் பதினேழு வயது, பள்ளிக் கடைசிப் பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது.

அந்த வருடம்தான் டீச்சர் இந்தச் சொற்களைக் கற்றுக்கொடுத்தார். நீல அட்டை போட்ட நோட்டில் அழகாக எழுதி வைத்துக்கொண்டேன். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே சொல்லலாம். வாயைத் திறந்த ஆள் யாராக இருந்தாலும் அவர் பேச்சுக்கு ஒரு பெயர் ஒட்டாமல் விட மாட்டேன். தோட்டத்து வாசல் பலகையில் ‘அரிசி வெளியே கொண்டுசெல்லப்படலாகாது, மீறுவோர் தண்டிக்கப்படுவர்’ என்று எழுதியிருந்தது. ஆகா, செயப்பாட்டு வினை, யார் தண்டிப்பார் என்பதையே சொல்லாமல் மறைத்துவிட்டார்கள் பார் என்று சந்தோஷப்பட்டேன். அந்தப் பலகையைப் பார்த்து மற்றவர்கள் பயந்துகொண்டிருந்தார்கள்.

அது அவசரகாலம். காட்டுக்குள் இருந்து வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்துச் சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குத் தோட்டத்திலிருந்து சாப்பாடு போய்விடக் கூடாது என்று சர்க்கார் கண்கொத்திப் பாம்பாக இருந்தது. எங்கள் லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு வாசல் வைத்து, அதில் துப்பாக்கியோடு காவலும் வைத்தார்கள். வீட்டில் யாரும் அரிசி வைத்துக்கொள்ளக் கூடாது. பொதுக் கொட்டகையில் மொத்தமாக வேகவைத்து, ரேஷன் அட்டையைப் பார்த்துச் சோறாகத்தான் கொடுப்பார்கள். யார் வீட்டுக்கு எவ்வளவு என்று அன்றன்றைக்கே எழுதியும் கொள்வார்கள். சோறென்றால் சீக்கிரம் கெட்டுவிடும், காடு வரை போய்ச் சேராது என்பது அவர்கள் எண்ணம்.

முன்பெல்லாம் வெட்டுக்குப் போகும் பெண்கள் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோவார்கள். மரங்களை வெட்டி முடித்து, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் பால் நிறையும்வரை கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். பத்து மணிவாக்கில் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் பிறகு பால் வாளியைத் தூக்கத் தெம்பு வரும். வேலி வந்த பிறகு வாசலில் சோதனை. ஒரு பிடி சோறுகூட வெளியே போக முடியாது. விடிகாலையில் பழையதில் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஐந்து மணிக்குப் போனால், பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப மத்தியானம் இரண்டாகிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா வாளியோடு மயங்கி விழுந்தாள். பால் முழுக்க மண்ணில் கொட்டிவிட்டது. சனிக்கிழமை நான் வந்தபோது முழங்கையில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தாள்.

“என்னம்மா ஆச்சு?”

“பெருசா ஒண்ணும் இல்ல. லேசா கிறுகிறுன்னு வந்துச்சு, உக்காந்துட்டேன்.”

விழுந்ததை உட்கார்ந்தேன் என்றாள். குறைத்துச் சொல்வதற்கு லைட்டோடீஸ் என்று பெயர். அம்மா பேசுவதெல்லாமே அந்த வகைதான். அப்பா செத்த அன்றுகூட, ‘கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு’ என்று சொன்னவள். எதிர்வீட்டு அக்கா வந்துதான் முழு விவரமும் சொன்னார். அம்மாவைத் தூக்கி உட்கார வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்தது அவர்தான். அவரும் வெட்டுக்காரி. அவர் குரல் எட்டு வீட்டுக்குக் கேட்கும். அந்த மாதத்தில் விழுந்த நான்காவது பெண் என் அம்மா என்றார். “இப்படியே போனா ஒருத்தி செத்துத்தான் போவா. தொரைக்கு ஒரு மகஜர் எழுதணும். நீ இங்கிலீஷ்ல எழுது லா.”

எங்கள் தோட்டத்தில் மகஜர் எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. எழுதியவர் அதை எல்லோருக்கும் நடுவில் வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். கேட்கிறவர்களில் ஒருத்தியாவது முந்தானையால் கண்ணைத் துடைத்தால்தான் அது மகஜர். இல்லையென்றால் திருப்பி எழுத வேண்டும். அதுவரை ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிதான் எழுதிக் கொடுத்துவந்தார். அவசரகாலம் வந்ததும் நமக்கேன் வம்பு என்று ஒதுங்கிக்கொண்டார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழாயடியில் என்னைச் சுற்றிப் பதினைந்து இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் முதலில் எழுதியது அடக்கமாகத்தான் இருந்தது. வேலை நேரத்தில் சாப்பிட அனுமதி வேண்டும் என்று தொடங்கி, தயவுசெய்து, பணிவுடன் என்று முடித்திருந்தேன். வாசித்தேன். ஒரு கண்ணும் கலங்கவில்லை.

“என்னாடி இது, லீவு லெட்டர் மாதிரி இருக்கு?” என்றார் எதிர்வீட்டு அக்கா. “பசிக்குதுன்னு எழுதுனா தொர கொட்டாவி விடுவாரு. பாசார்ல மீனுக்கு எப்படிப் பேசறோம்? அவன் ரெண்டு வெள்ளின்னுவான், ஒரு வெள்ளிக்குத் தருவான். தொரயும் அப்படித்தான் லா. நாம கூட்டிக் கேக்கணும், அவரு கொறச்சுக் கொடுப்பாரு. சோறு தின்னு ஒரு வாரமாச்சுன்னு எழுது.”

“ஒரு வாரம் எந்த மூலைக்கு? ஒரு மாசம் போடு,” என்றாள் இன்னொருத்தி.

“போடறதுதான் போடற, மூணு மாசமாப் போட்டுடு,” என்றார் அக்கா.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். படித்தவள் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டில் படித்த அத்தனையும் உயிரோடு வந்து குழாயடியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்தேன். விறுவிறு என்று எழுதினேன். கடந்த மூன்று மாதங்களாக ஒரு பருக்கைச் சோறும் எங்கள் பல்லில் படவில்லை. எங்கள் கண்ணீர் லிங்கி ஆறாக ஓடுகிறது. எங்கள் உடம்பு எலும்புக்கூடு, எங்கள் வீடு சுடுகாடு. நாங்கள் மனிதர்கள் இல்லையா? எங்களுக்கு வயிறு இல்லையா? வாசித்துத் தமிழில் சொன்னபோது அக்கா கேவிக் கேவி அழுதார். மற்றவர்களும் மூக்கைச் சிந்தினார்கள்.

அம்மா மட்டும் அழவில்லை. “மூணு மாசமா? நேத்துக்கூடச் சாப்பிட்டமே,” என்றாள் மெதுவாக.

“அதும்மா, ஹைபர்போலி. அப்படித்தான் எழுதணும். இங்கிலீஷ்ல அதுக்குப் பேரே இருக்கு.”

பெயர் இருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அம்மா நம்பிவிட்டாள். “எம்மவ எழுதுனது, நாந்தான் மொதல்ல வைப்பேன்,” என்று மையில் கட்டைவிரலைத் தோய்த்து முதல் கைநாட்டை வைத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்து நாள் ஆயிற்று. ஒரு புதன்கிழமை பள்ளி விட்டு லோபாக் வீட்டுக்கு வந்தபோது, எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். எட்டு வீட்டுக்குக் கேட்கும் அந்தக் குரல், அன்று என் காதோடு காதாகத்தான் பேசியது.

முந்தின நாள் மாத்தாக்கள், அதாவது போலீஸ்காரர்கள், ஜீப்பில் வந்து அம்மாவைக் கூட்டிப்போயிருந்தார்கள். மகஜர் துரையிடமிருந்து மேலே போய், அங்கிருந்து போலீசுக்குப் போயிருக்கிறது. மூன்று மாதமும் தினம் தவறாமல் சோறு வாங்கியதாகக் கொட்டகையில் எழுதி வைத்திருக்கிறது. ஒரு பருக்கைகூடப் பல்லில் படவில்லை என்று கடிதம் சொல்கிறது. அப்படியென்றால் வாங்கிய சோறெல்லாம் எங்கே போயிற்று? காட்டுக்குத்தான். அதை அனுப்பியது யார்? முதல் கைநாட்டு யாருடையதோ அவள்தான். இப்படிக் கேட்டு இப்படிப் பதில் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த நாட்களில் அப்படிப் போனவர்களை விசாரணை இல்லாமல் வருடக்கணக்கில் அடைத்து வைத்ததும் உண்டு, கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பியதும் உண்டு. அம்மா கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவள். அங்கே அவளை வா என்று சொல்ல ஒரு வீடு கிடையாது. என் எழுத்து என் அம்மாவை நாடு கடத்தப் போகிறது என்ற நினைப்பில் அன்று நான் பட்ட பயத்துக்கு எந்த நோட்டிலும் பெயர் இல்லை.

வியாழக்கிழமை காலை பள்ளிச் சீருடையிலேயே, நீல நோட்டைக் கையில் இறுக்கிக்கொண்டு, அம்மாவை வைத்திருந்த டவுன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அக்கா கூட வந்தார். அவரை வெளி பெஞ்சில் உட்காரச் சொல்லி, என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒரு தமிழர், மொழிபெயர்ப்பவர். மேசைமேல் என் மகஜர். டீச்சர் திருத்திய கட்டுரை மாதிரி அங்கங்கே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தது.

“இதை எழுதியது நீயா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார் அதிகாரி.

“ஆமாம் சார்.”

“இதில் இருப்பதெல்லாம் உண்மையா?”

உண்மை என்றால் அம்மா போய்விடுவாள். பொய் என்றால் நான் சர்க்காரை ஏமாற்றியவள். “சார், அது ஹைபர்போலி,” என்றேன். நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.

அவர் வாசித்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “இது என்னவென்று எனக்குத் தெரியும். போலீஸ் கைக்கு வரும் கடிதத்தில் இதற்கு என்ன வேலை?”

எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். கேட்பதைக் கூட்டிக் கேட்போம், கொடுப்பவர் குறைத்துக் கொடுப்பார், அது இரண்டு பக்கத்துக்கும் தெரியும் என்றேன். உங்களுக்குத் தெரியாது என்பது எங்களுக்குத் தெரியவில்லை என்றேன். அவர் சிவப்புப் பென்சிலை என் பக்கம் நகர்த்தினார்.

“நான் எவ்வளவு குறைத்துப் படிக்க வேண்டும்? நீயே அடித்துக் காட்டு.”

அடித்தேன். லிங்கி ஆறு போயிற்று. எலும்புக்கூடும் சுடுகாடும் போயின. மனிதர்கள் இல்லையா, வயிறு இல்லையா, இரண்டையும் அடித்தேன். மூன்று மாதத்தை அடிக்கும்போது பென்சில் முனை ஒடிந்துவிட்டது. மொழிபெயர்ப்பவர் தன் பேனாவைக் கொடுத்தார். கடைசியில் மிஞ்சியது நான்கு வரி. ஐந்து மணிக்கு வேலைக்குப் போகிறோம். இரண்டு மணிக்குத் திரும்புகிறோம். இடையில் சாப்பிட வழி இல்லை. பெண்கள் மயங்கி விழுகிறார்கள். இப்படி உள்ளதை உள்ளபடி சொல்வதையும் தன்மை நவிற்சி என்று தமிழில் ஓர் அணியாகவே வைத்திருக்கிறார்கள் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. அந்த நான்கு வரியின் பலனாக, அடுத்த மாதத்திலிருந்து பத்து மணிக்குக் காவலோடு ஒரு லாரியில் கஞ்சி வந்தது. அங்கேயே நின்று குடித்துவிட்டு கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிக் கொடுக்க வேண்டும். ஆனால் அன்று எனக்குக் கஞ்சி ஞாபகத்திலேயே இல்லை.

“சரி, கடிதம் புரிகிறது,” என்றார் அதிகாரி. “இன்னொன்று புரியவில்லை. எழுதியதெல்லாம் உண்மை என்று உன் அம்மா சத்தியம் செய்கிறாள். வந்ததிலிருந்து தண்ணீர் மட்டும்தான். மூன்று வேளையும் சோறு கொண்டுபோய் வைக்கிறோம், தொட மறுக்கிறாள். இங்கே உண்ணாவிரதம் இருப்பது யார் தெரியுமா? கட்சியில் பயிற்சி எடுத்தவர்கள். உன் அம்மாவுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது யார்?”

எனக்கு அம்மாமேல் கோபம்தான் வந்தது. இந்த நேரத்தில் எதற்கு இந்த வீம்பு என்று பல்லைக் கடித்தேன். அதிகாரி ஆளனுப்பி அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார். ஒரு போலீஸ்காரர் அவளை முன்னால் விட்டுப் பின்னால் வந்தார். அவள் உதடு வெடித்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “நீ எதுக்கு இங்க வந்த? பள்ளிக்கூடம் இல்லியா?”

“ஏம்மா சாப்பிடலை?”

“பசிக்கல.” பிறகு பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, “நீ வாயத் தொறக்காத. எல்லாம் நெசம்னு நான் சொல்லிட்டேன்,” என்றாள்.

“அம்மா, ஏன் சாப்பிடலைன்னு சொல்லு. இல்லைன்னா உன்னை விட மாட்டாங்க.”

அம்மா காக்கிச் சட்டைக்காரரைக் காட்டினாள். “இவருதான் மொத நாளே சொன்னாரு, லெட்டர்ல பொய் இருந்தா எழுதுனவங்களப் பிடிச்சு உள்ள வைப்பாங்கன்னு. உனக்குப் பரீட்ச இருக்கு. ஒரு பருக்கையும் பல்லுல படலன்னு நீ எழுதியிருக்க. இவங்க கொடுக்கற சோத்த நான் அள்ளி அள்ளித் தின்னா, அத எவன் நம்புவான்?”

மொழிபெயர்ப்பவர் அதை மொழிபெயர்க்காமல், தன் பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அதிகாரி என்ன என்பதுபோல என்னைப் பார்த்தார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஓர் உவமை இல்லை, ஒரு கேள்வி இல்லை. நான் பொய்யாகிவிடக் கூடாது என்று என் அம்மா சாப்பிடவில்லை சார் என்று சொன்னேன். சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டேன்.

அதிகாரி அந்த மகஜரை மடித்து வைத்துவிட்டு, பெண்ணுக்கு ஒன்றும் ஆகாது, அந்த அம்மா சாப்பிட்டு முடித்ததும் கூட்டிப்போகலாம் என்றார். இரண்டு தரம் தமிழில் சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்ட பிறகுதான் அம்மா தரையில் உட்கார்ந்தாள். ஒரு போலீஸ்காரர் தட்டில் சோறும் கீரையும் கொண்டுவந்து வைத்தார். முதல் வாயை அவளால் விழுங்க முடியவில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறக்கினாள். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதித் தட்டு ஆனதும் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, கேலியும் இல்லை. ரொம்ப நாளாக மனசில் இருந்த ஒரு கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“மூணு நாளு தாங்கிட்டேன். நீ மூணு மாசம்னு எழுதிட்டியா, அத்தன நாளு தாங்குமாங்கறதுதான் ஒரே யோசனையா இருந்துச்சு.”

சொல்லிவிட்டு மீதிச் சோற்றைப் பிசைந்தாள்.